முதல் மணிக்கே

அன்றைய சந்தேகங்களில் கடைசியாகப் பதிவாகியிருந்தது சந்தேகமே அல்ல. வெறும் மூச்சு.

ஆவுடையப்பன் காசெட்டைப் பின்னுக்கு ஓட்டி இன்னொரு முறை கேட்டார். மற்றதெல்லாம் வழக்கமான குப்பை. பஸ் ஹாரன், டீக்கடை ரேடியோ, பின்னால் நிற்கிறவன் "சீக்கிரம் பேசி முடிங்க" என்று அதட்டுவது, அதற்கு நடுவே யாரோ ஒரு மில் பெண் கீச்சுக்குரலில் கேட்கிற மட்டமான கேள்வி. இதில் பஸ் இல்லை, ரேடியோ இல்லை, அதட்டுகிற ஆளும் இல்லை. எந்தச் சத்தமும் எட்டாத ஏதோ ஓர் இடத்தில் நின்றுகொண்டு யாரோ வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்து, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் அப்படியே வெளியே விட்டார்கள். பேண்டேஜ் துணியை நிதானமாகக் கிழிப்பதுபோல் இருந்தது. இழுத்தார்கள், விட்டார்கள். காசெட் தீரும்வரை அதுதான்.

"கேள்வி கேக்கக்கூடத் துப்பில்லாத கழுதை" என்று சொல்லிவிட்டு அதை அழித்தார்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகிற சந்தில், வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, மொட்டை மாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை, வாசலில் ஒரு போர்டு. இதற்குப் பேர் ஆவுடையப்பன் டுடோரியல். இரண்டு பள்ளிக்கூடங்கள் அவரை வெளியே அனுப்பியிருந்தன. அவரைக் கேட்டால் இரண்டு பள்ளிக்கூடங்களை அவர் உதறிவிட்டு வந்தார். பாடம் தெரிந்தவர் என்று சொல்வதற்கில்லை. புத்தகத்தில் இருப்பதைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே சொல்வார், அவ்வளவுதான். ஆனால் சொல்கிற குரல் இருக்கிறதே, அது வேறு. அடிவயிற்றிலிருந்து எழும்பி, அறையை நிறைத்து, ஜன்னல் கம்பியை அதிரவைக்கிற கணீர்க் குரல். அதைக் கேட்டுத்தான் மில் தொழிலாளிகள் அவரைப் பெரிய படிப்பாளி என்று நம்பினார்கள், வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தாமல் இருந்தார், மனைவி பரிபூரணம் வாயைத் திறக்காமல் இருந்தாள். குரலை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு முழுக்கைச் சட்டைதான். இது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். தினமும் காலையில் மிளகும் பனங்கற்கண்டும் மென்று அந்தக் குரலைக் காப்பாற்றி வந்தார்.

போன் பாடம் அவருடைய மூளையில் உதித்தது. மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மிஷின் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. போனோடு சேர்த்துவிட்டால், அழைப்பு வந்ததும் தானே எடுக்கும். ஒரு காசெட்டில் நாம் பேசி வைத்ததைச் சொல்லும். ஒரு பீப் அடிக்கும். அந்தப் பக்கத்து ஆள் பேசுவதை இன்னொரு காசெட்டில் பிடித்து வைக்கும். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு பத்தாம் வகுப்பைப் பிரைவேட்டாக எழுதுகிற பெண்களுக்கு வகுப்புக்கு வர நேரம் ஏது? பெட்டிக்கடை போனில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டால் எவ்வளவு நேரம் லைன் நிற்குமோ அவ்வளவு நேரத்துக்கு ஒரு பாடம். "போனைச் சுற்று, பாடத்தைக் கேள்" என்று நோட்டீஸ் அடித்து மில் வாசல்களில் ஒட்டினார். ஆச்சரியம், கேட்டார்கள். நூற்பு மில் பெண்களும் பேண்டேஜ் நெய்கிறவர்களும் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, நடுரோட்டு இரைச்சலில் ஒலியின் வேகத்தையும் அசோகரின் கல்வெட்டையும் கேட்டார்கள். சந்தேகங்களுக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கிடைக்கும் என்று பாடத்தின் முடிவில் அவர் சொல்லி வைத்திருந்தார். வகுப்புக்குத்தானே ஃபீஸ்.

பதில் என்று எதையும் அவர் சொன்னதே இல்லை. சாயங்காலம் கணக்கு வாத்தியார் சோணைமுத்துவை எதிரே உட்காரவைத்துக்கொண்டு காசெட்டை ஓட விடுவார். இருவரும் சிரிப்பார்கள். அழித்துவிடுவார். சோணைமுத்து சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கத் தெரிந்தவர். ஆவுடையப்பனிடம் சம்பளம் வாங்குகிறவருக்கு வேறு எது தெரிய வேண்டும்?

சுந்தரபாண்டியத்திலிருந்து மில்லுக்கு வந்து போகிற பாலம்மாள் என்ற பெண் கேட்டது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போன கேள்வி. "சார், காத்தே இல்லாத எடத்துல சத்தம் போவாதுன்னு பாடத்துல சொன்னிய. அங்கன ஒரு ஆளு நின்னு கூப்புட்டா என்ன ஆவும் சார்?"

"அங்க போய் இவ யாரைக் கூப்பிடப் போறாளாம்?" என்று ஆவுடையப்பன் சிரித்தார். தொந்தியில் தொடங்கி, படி ஏறுவதுபோல் விட்டு விட்டு மேலே போய், கடைசியில் ஒரு இருமலில் முடிகிற சிரிப்பு அது. சோணைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் பரிபூரணம் காப்பி கொண்டுவருவாள். தலையைக் குனிந்தபடி வந்து, டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, குனிந்தபடியே போய்விடுவாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டாள். "மூஞ்சியில என்னட்டி எழுதியிருக்கு? வச்சுட்டுப் போ" என்று அவர் போட்ட அதட்டலோடு நிமிர்வது நின்றுபோனது. அவருக்கு மீசை நரைத்திருப்பதாவது அவளுக்குத் தெரியுமோ என்னவோ. இதை அவர் ஒழுங்கு என்று சொல்லிக்கொண்டார்.

மிஷினை மாட்டிய அன்று மட்டும் அவள் நடைக்கதவுக்குப் பின்னால் செத்த நேரம் நின்றாள்.

"இது எத்தனாவது மணியில எடுக்கும்?"

"முத மணிக்கே எடுக்கும்."

"மூணாவதுக்கு வைங்க."

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். பொழுது மயங்கி விளக்கு வைக்கிற நேரத்தில் வெளியே இருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே 'என்ன' என்று கேட்கக் கூடாது. மனுஷர் என்றால் மூன்று தரம் கூப்பிடுவார்கள். மற்றது மூன்றாம் தரம் கூப்பிடாது. முதல் குரலுக்கே பதில் கிடைத்துவிட்டால், அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். வீடுகளுக்குப் போன் வந்தபோது இந்த வழக்கத்தை அதற்கும் பொருத்திக்கொண்டார்கள். சாயங்காலம் மணி அடித்தால், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் மூன்று அடிக்கும்வரை யாரும் கை நீட்டுவதில்லை. டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கிறவர் வீட்டிலும் அப்படித்தான்.

"பேய் காசு போட்டு போன் பண்ணுமாக்கும்" என்றார் ஆவுடையப்பன். "ஒன்னைய மாதிரி ஆளுகளுக்குத்தாம்ட்டி நான் மொதல்ல பாடம் நடத்தணும்." மிஷினின் பின்பக்கத்துச் சின்னப் பொத்தானை ஒன்றிலேயே வைத்தார்.

மூச்சு மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. மில் சங்கு ஊதி அடங்கியதும் ஒரே ஒரு மணி, ஒரு கிளிக், பிறகு அவருடைய குரலே ஆளில்லாத முன்னறையில் பாடம் நடத்தும். என்னதான் என்று பார்க்க ஒருநாள் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஜின்னிங் ஃபேக்டரியிலிருந்து வந்த பஞ்சு கடைசி வெயிலில் இறங்காமல் மிதந்துகொண்டிருந்தது. பருத்திக்கொட்டை எண்ணெயும் சாக்கடையும் எங்கோ வறுபடுகிற கடலையும் சேர்ந்த வாடை அடித்தது. சைக்கிள் மணி, அடிகுழாய்ச் சத்தம், எதிர்வீட்டில் யாரோ யாரையோ தெலுங்கில் திட்டுவது, மேற்கே மலைப்பக்கம் போகிற கடைசி டவுன் பஸ்ஸின் முனகல் எல்லாம் அறைக்குள் வந்து போயின. பீப் அடித்தது. ஸ்பீக்கரைத் திறந்து கேட்டார். இந்தச் சத்தங்களில் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை. எந்த ஊரில் இவ்வளவு அமைதி இருக்கும் என்று அவருக்கு யோசனை ஓடவில்லை.

சில நாட்களில் அந்த மூச்சில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டது. வ. அதற்கு மேல் வராது. வ, வ, என்று முக்கிவிட்டு நின்றுவிடும். பிறகு வண. அப்புறம் ஒரு சாயங்காலம், வயதும் ஆண் பெண் அடையாளமும் இல்லாத ஒரு குரலில், முழுசாக: "வணக்கம்."

அவருடைய பாடம் தொடங்குகிற சொல்.

"திக்குவாய் போல சார், பாவம்" என்றார் சோணைமுத்து. "படிக்கணும்னு ஆசை இருக்கு."

"ஆசைக்கு என்ன கொறைச்சல். இதெல்லாம் படிச்சுட்டுத்தான் நாளைக்கு நம்ம தலை மேல வந்து ஒக்காரப் போவுது. கிளிப்பிள்ளை. சொன்னதைச் சொல்லும்."

சொன்னதைச் சொல்வதைத் தவிர வாழ்நாளில் வேறெதுவும் செய்யாத மனிதர் இதைச் சொல்லிவிட்டு, ரொம்ப நேரம் அந்தச் சிரிப்பைச் சிரித்தார். படி ஏறியது. இருமலில் முடிந்தது. லைன் திறந்திருக்கிறது என்று காட்டுகிற சிவப்பு விளக்கு மிஷினில் எரிந்துகொண்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அது வேகமாகப் படித்தது. ஒரு வரி. ஒரு பத்தி. எந்த இடத்தில் அவர் எச்சில் விழுங்குவாரோ அந்த இடத்தில் விழுங்கியது. 'ஒலி' என்கிறபோது அவருக்கு மட்டும் வருகிற அந்த மூக்கடைப்பு அதற்கும் வந்தது. ஒருநாள் மாலை காசெட்டைப் போட்டபோது, பாடம் பேசி வைத்த காசெட்டை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று அவர் எழுந்து பார்க்க வேண்டியிருந்தது. மாறவில்லை. சந்தேகங்களைப் பிடித்து வைக்கிற காசெட்டில், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, அவரே பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

பாடம் முடிந்தது. பிறகு சிரிப்பு.

தொந்தியில் தொடங்கியது. விட்டு விட்டு ஏறியது. இருமலில் முடிந்தது.

"நீங்களே பேசிப் பதிஞ்சதுதான சார்?" என்று சோணைமுத்து கேட்டார். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போனார்.

ஆவுடையப்பன் வயரைப் பிடுங்கினார். இரண்டு காசெட்டையும் உருவினார். மிஷினைத் துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். பயமெல்லாம் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மாணவர்களின் நன்மைக்காகப் போன் பாடத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பதாக மனதுக்குள் ஓர் அறிவிப்பும் தயார் செய்தார். சொல்லிப் பார்த்தபோது 'நன்மை' என்கிற சொல்லில் குரல் கம்மியது. கனைத்தார். சரியாகவில்லை.

மறுநாள் சங்கு ஊதியது. வெறும் போன் மட்டும் மேஜையில் இருந்தது. ஒரே ஒரு மணி அடித்து நின்றது.

பாதியில் வைத்துவிட்டார்கள் என்று நினைக்கலாம். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ எடுத்துவிட்டதுபோல் இருந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். செத்துப்போன லைனில் கேட்கிற கரகரப்புகூட இல்லை. அந்தக் காற்றில்லாத அமைதி. வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் வகுப்பெடுத்தபோது கடைசி வரிசைக்குக் குரல் எட்டவில்லை. "கேக்கலை சார்" என்று ஒருவன் சொன்னான். அவருடைய வகுப்பில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அதட்ட வாயெடுத்தார், அதட்டல் முன் வரிசையோடு நின்றுவிட்டது. தொண்டையில் வலி இல்லை, சளி இல்லை. நேற்று இருந்ததில் பாதி இன்று இல்லை, அவ்வளவுதான்.

வகுப்பு கலைந்ததும் பாலம்மாள் மாடிப்படியில் நின்றிருந்தாள். தலைமுடியில் மில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"சார், நீங்க சொன்ன பதிலு மனசுல நல்லா நின்னுருச்சு சார்."

"எந்தப் பதிலு?"

"காத்தில்லாத எடத்துல ஒரு ஆளு கூப்புட்டா என்ன ஆவும்னு கேட்டேம்லா. கூப்புடுதவனுக்கு மட்டுந்தான் அவன் கூப்புட்டது தெரியும், வேற ஒரு உசுருக்கும் தெரியாதுன்னு சொன்னியளே. எம்புட்டுப் பொறுமையாச் சொன்னிய. போன்ல நீங்க..." நேரில் எப்படி என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். "நல்லாப் பேசுதிய சார்."

"எப்பச் சொன்னேன்?"

"நேத்துதான். சங்கு ஊதுன பொறவு."

அவர் படியிறங்கி, பீரோவைத் திறந்து பார்த்தார். துண்டு சுற்றியபடி சுற்றியிருந்தது. உள்ளே மிஷின் இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த வாரத்தில் குரல் தினம் கொஞ்சம் போனது. உரத்த பேச்சு முதலில் போயிற்று. சாதாரணப் பேச்சு அடுத்து. மிளகு, சித்தரத்தை, சுடுதண்ணீர், எதற்கும் மசியவில்லை. வகுப்புகளைச் சோணைமுத்துவிடம் விட நினைத்தார்; அதைச் சொல்ல வாய் வராமல் அவர் தயங்கி நின்றபோது, "நீங்கதான் காலையிலயே போன்ல சொல்லிட்டியளே சார்" என்றார் சோணைமுத்து. எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்! அவர் இவரைப் பார்க்கக்கூட இல்லை, போனைப் பார்த்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது முன்னறை மேஜையில் காலி டம்ளர் இருந்தது. அடியில் காப்பி மண்டி. விளிம்பு இன்னும் சூடாக இருந்தது.

சமையலறைக்குப் போய் டம்ளரை நீட்டினார். யாருக்கு வைத்தாய் என்று கேட்டது காற்றாகத்தான் வந்தது.

"நீங்கதான கூப்பிட்டிய" என்றாள் பரிபூரணம், அடுப்பைப் பார்த்தபடி. "குடிச்சுட்டு நல்லாருக்குன்னு சொன்னிய." அவள் கழுத்து லேசாகச் சிவந்திருந்தது. "இம்புட்டு வருசத்துல இன்னைக்குத்தான் சொல்லியிருக்கிய."

அவளை அடிக்கலாம் போல் வந்தது. அடித்தால் சத்தம் போட்டு அடிக்க வேண்டும். சத்தம் இல்லாத அடிக்கு என்ன மதிப்பு?

மறுநாள் மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். ராஜபாளையத்தில் தொண்டை டாக்டரிடம் போனால் ஊர் முழுக்கப் பரவிவிடும். குரல் போன வாத்தியாரிடம் எந்த மடையன் ஃபீஸ் கட்டுவான்? ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் அவரை வெகுநேரம் காக்கவைத்து, நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டை சுத்தமா இருக்கே. புண்ணு இல்ல, வீக்கம் இல்ல. பஞ்சுத் தூசியா இருக்கும். கொஞ்ச நாள் பேசாம இருங்க." பேசாமல் இருக்கச் சொல்ல இவனுக்கு எதற்கு ஒரு படிப்பு என்று நினைத்தார். நினைக்கத்தான் முடிந்தது.

வெளியே வந்தபோது கோபுரத்தின் நிழல் தேரடியைத் தாண்டி நீண்டிருந்தது. பால்கோவாக் கடைகளில் பால் சுண்டுகிற வாசனை, பூக்கடை ஈரம், ஊருக்கு வெளியே திருவண்ணாமலை என்கிற குன்றின் மேல் இருக்கிற பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பிய கூட்டம் ஒன்று சந்தடியாகப் பஸ்ஸுக்கு நின்றது. சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. மூலையில் அல்லா பிச்சை என்பவரின் எஸ்.டி.டி. பூத். ஏன் உள்ளே போனோம் என்று அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. வீட்டு நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினார்.

அல்லா பிச்சை நம்பரைப் போட்டுவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தார். உடனே புருவம் சுருங்கியது.

"மொத மணிக்கே எடுத்துட்டாவளே" என்றார். ரிசீவரைக் கொஞ்சம் அவசரமாகவே அவர் கையில் கொடுத்தார். "பேசுங்க சார்."

கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்தார். 

"வணக்கம். பேசுறது ஆவுடையப்பன்."

பாடம் இல்லை. காசெட் இரைச்சல் இல்லை. அறையின் எதிரொலி இருந்தது. அவருடைய முன்னறை. அவருடைய மின்விசிறியின் கிறீச்.

"சொல்லுங்க. என்ன சந்தேகம்?"

வாயைத் திறந்தார். நீ யார் என்று கேட்க நினைத்தார். காற்று உள்ளே போனது. வெளியே வந்தது. பேண்டேஜ் துணி நிதானமாகக் கிழிந்தது.

அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டது. ரொம்பப் பொறுமையாக.

"கேள்வி கேக்கக்கூடத் துப்பில்லாத கழுதை."

சிரிப்பு. படி ஏறியது. இருமல்.

பிறகு, ரிசீவரைத் தள்ளி வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிச் சொல்வதுபோல்: "ஏட்டி, காப்பி."

மெட்டிச் சத்தம் வந்தது. அந்த மெட்டியை அவர்தான் போட்டுவிட்டார். அருகே வந்தது. நின்றது. மேஜைமேல் டம்ளர் வைக்கிற சின்னச் சத்தம்.

"வச்சுட்டுப் போ."

ஓர் உறிஞ்சல். நிதானமாக, சூடு பார்த்துக் குடிக்கிற உறிஞ்சல். லைன் போயிற்று.

பூத்திலிருந்து வெளியே வந்ததும், மீதிச் சில்லறை வாங்காமல் ஓடியதும், பஸ் ஏறியதும் அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லை. "எங்க போணும்?" என்று கண்டக்டர் கேட்டான். வாயைத் திறந்து காட்டினார். "வாயத் தெறந்து சொல்லுய்யா." கையால் தெற்கே காட்டினார். "ஊமையா? அத மொதல்லயே சொல்லுறதுக்கு என்ன" என்றான் கண்டக்டர். பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்களைக் கேவலமாக நினைத்துப் பார்த்தார். பழக்கம். ஒன்றும் நடக்கவில்லை.

ராஜபாளையத்தில் இறங்கியபோது கரண்ட் போயிருந்தது. கடைகளில் அரிக்கேன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மில் சங்கு ஊதியது. சந்துக்குள் ஓடினார். பஞ்சு முகத்தில் படிந்தது. வாயில் போயிற்று.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டு கையாலும் தட்டினார்.

மெட்டி. கதவுக்கு அந்தப்புறம் நின்றது.

"யாரு?"

காற்று.

"யாரது?"

முன்னறையிலிருந்து அந்தக் குரல் வந்தது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, ஜன்னல் கம்பியை அதிரவைத்தபடி. "வெளக்கு வைக்கிற நேரத்துல தட்டுனவனுக்கெல்லாம் கதவத் தொறக்காதட்டி. மனுசன்னா பேரு சொல்லி மூணு தரம் கூப்பிடட்டும்."

"சரிங்க" என்றாள். அவள் குரலில் ஒரு நிம்மதி. கடைசியில் புருஷனுக்குப் புத்தி வந்துவிட்ட நிம்மதி.

மூன்று தரம். மூன்றே தரம் போதும். உடம்பில் எங்கெங்கோ மிச்சமிருந்ததையெல்லாம் திரட்டினார். விலா வலித்தது.

"பரிபூரணம்."

நூல் மாதிரி வந்தது. ஆனால் வந்தது. கதவுக்கு அந்தப்புறம் அவள் வாய்க்குள்ளேயே எண்ணினாள். "ஒண்ணு."

"பரிபூ..."

"ரெண்டு."

வாயைத் திறந்தார். கதவுப் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு, திறந்தார். காற்று உள்ளே போனது. வெளியே வந்தது. இழுத்தார். விட்டார்.

அவள் காத்திருந்தாள். இவ்வளவு நேரம் தனக்காக ஒருத்தி காத்திருப்பாள் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பாலம்மாள் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அங்கன ஒரு ஆளு நின்னு கூப்புட்டா.

"மூணாவது வரலைங்க" என்றாள் பரிபூரணம்.

"அப்ப அது மனுசன் இல்ல. நீ வெளக்க இங்க கொண்டா."

மெட்டிச் சத்தம் உள்ளே போனது.

சுவரைத் தடவிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருட்டு. நாற்காலியில் யாரோ. அவள் விளக்கோடு வந்தாள், சுடரைக் கையால் மறைத்து, தலையைக் குனிந்தபடி. வெளிச்சம் முதலில் தரையில் வந்தது. செருப்பில்லாத பாதம். வேட்டிக் கரை. அவருடைய முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் போட்டது. கழுத்து. கழுத்துவரை எல்லாம் சரியாக இருந்தது.

அதற்கு மேலே இன்னும் வரவில்லை. நெற்றி இல்லை, கண் இல்லை, மூக்கு இல்லை. பஞ்சு அடைத்த மாதிரி வெள்ளையாக ஓர் உருண்டை. அதன் நடுவே ஒரு வாய் மட்டும், பேசிப் பேசிப் பழகிய வாய், ஈரமாக, திறந்திருந்தது. அது மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பி, அவர் முகத்துக்கு நேராக நின்றது. பாடம் கேட்கிறவர்கள் நிற்பதுபோல், அசையாமல்.

வாய்க்கு மேலே, வெள்ளையில், நரைத்த மீசை ஒன்று மயிர் மயிராக முளைத்தது.

பரிபூரணம் விளக்கை மேஜையில் வைத்தாள்.

"வச்சுட்டுப் போ" என்றது.

நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தால் போதும். கம்பியை உலுக்கினார், கம்பி அசையவில்லை. வாயைத் திறந்தார். அவள் குனிந்தபடியே வந்து, குனிந்தபடியே போனாள்.